தூரில் இருக்கிறது துளிர்

வெளியிலிருந்து பார்த்தால் பச்சைக் குன்று மாதிரி நிற்கும். கையை உள்ளே விட்டு இலைகளை விலக்கினால் பச்சை ஒரு சாண் ஆழத்துக்குத்தான். அதற்குப் பின்னால் இலையே கிடையாது. விரல் பட்டாலே ஒடியும் சுள்ளி, ஒன்றோடொன்று உரசிப் பட்டை போன கிளைகள், எப்போதோ விழுந்து மட்கிய சருகு, அடியில் எலி பறித்துத் தள்ளிய மண். ராணிப்பேட்டையில் பழைய வீடு எதற்குப் போனாலும் வாசலில் இப்படி ஒரு நந்தியாவட்டையோ மருதாணியோ நிற்கிறது. ஜன்னலை மூடிவிடுகிறது, சன்ஷேடை இடிக்கிறது, மின்கம்பியைத் தொடப் பார்க்கிறது. பாம்பு அடையும், வெட்டிப் போடுங்கள் என்பார் ஒருவர். வெட்டினால் பட்டுப்போகும், வைத்தவர் கை ராசி என்று தடுப்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் பல வீடுகளில் யாரும் தொடாமலே அந்தச் செடி இருபது வருடம் வளர்ந்துவிடுகிறது.

இலையுதிராத, மண்டிப்போன தோட்டச் செடியை எவ்வளவு தாழ, எந்த மாதத்தில், எப்படி வெட்டினால் அது திரும்பத் துளிர்க்கும்? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. தோட்டக்கலைப் புத்தகங்களில் இதற்குப் பதில் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் பனி உறையும் நாடுகளுக்காக எழுதியவை; குளிர் முடிகிற தறுவாயில் வெட்டு என்று சொல்பவை. நம் செடியைக் கொல்வது பனி அல்ல, சித்திரை வெயில். இத்தனை காலம் படித்தும் கேட்டும் வெட்டியும் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: நமக்கான பதிலை, செடியை வெட்டியே பிழைத்த நம் பக்கத்து ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆவாரம் பட்டை உரித்தவர்கள், மல்லிகை போடுகிறவர்கள், மலையில் தேயிலை வெட்டுகிறவர்கள். மூன்று தொழிலும் பசுமை மாறாத செடியைத் திரும்பத் திரும்ப வெட்டித்தான் நடக்கின்றன.

ஆவாரையிலிருந்து தொடங்க வேண்டும். ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகச் சோறு போட்ட தோல் தொழிலுக்குப் பழைய சரக்கு அந்தச் செடிதான். சென்னையில் பொறியியலாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்ததற்கு முன்னால், இந்தப் பக்கத்துத் தொட்டிகளில் ஊறியதெல்லாம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். பட்டையில் ஏறத்தாழ 18 விழுக்காடு டானின் இருக்கும். ஆவாரைக்கு ஆங்கிலத்தில் தோல் பதனிடுவோரின் கேசியா என்றே பெயர் விழுந்துவிட்டது. இங்கிருந்து லண்டன் சந்தைக்குப் போன ஈஸ்ட் இந்தியா தோல் என்ற சரக்குக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அந்தப் பட்டைதான், ஈ.ஐ. தோல் இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. 1973க்குப் பிறகு அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததும், ஆலைகள் முடித்த தோலுக்கும் குரோமுக்கும் வேகமாக மாறின. ஆவாரை மறுபடி பாதையோரச் செடியானது.

நமக்கு இதில் வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆவாரையை வேரோடு பிடுங்கியிருந்தால் அந்தத் தொழில் ஒரு தலைமுறைகூடத் தாங்கியிருக்காது. கிளையைத் தூருக்கு அருகில் வெட்டினார்கள், பட்டையை உரித்தார்கள், தூரை மண்ணில் விட்டுவிட்டுப் போனார்கள். தூர் துளிர்த்தது. இன்றும் பொங்கலுக்கு ஆவாரம்பூவைக் கொத்தோடு ஒடித்துக்கொண்டு போகிறோம். ஆடிக்குள் அந்த இடத்தில் இரண்டு மூன்று கிளை வந்துவிடும். நட்டவர் இல்லை, தண்ணீர் விட்டவர் இல்லை. வெட்டைத் தாங்குவது அந்தச் செடியின் இயல்பாகவே இருக்கிறது.

செடி வெட்டைத் தாங்குவது எப்படி? கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்ற சுரப்பைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது வரும்வரை கீழே உள்ள கணு மொட்டுகள் விழிப்பதில்லை. நுனியைக் கிள்ளிவிட்டு அந்த இடத்தில் ஆக்சினைத் தடவினால் பக்கமொட்டுகள் அடங்கியே இருப்பதை 1930களில் தாவரவியலாளர்கள் தீமனும் ஸ்கூகும் அவரையினச் செடியில் செய்து காட்டினார்கள். 2014ல் ஆஸ்திரேலியாவில் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு அதோடு இன்னொன்றைச் சேர்த்தது. நுனி போனதும், அதற்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை பக்கமொட்டுகளுக்குத் திரும்புகிறது; மொட்டை முதலில் எழுப்புவது அந்தச் சர்க்கரைதான். ஆக, துளிர் வர இரண்டு வேண்டும். பழைய கட்டையில் உறங்கும் மொட்டு இருக்க வேண்டும். அதை எழுப்பக் கீழே மாவுச்சத்து சேர்ந்திருக்க வேண்டும். மண்டிய செடியை வெட்டுவது பற்றிய அறிவுரைகள் எல்லாமே கடைசியில் இந்த இரண்டில் வந்து முடிகின்றன.

இதைத் தேயிலைத் தோட்டக்காரர்கள் அளவுக்கு யாரும் தெளிவாகப் பிடித்துக்கொண்டதில்லை. தேயிலையை விட்டுவிட்டால் அது மரம். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டி வெட்டித்தான் இடுப்புயரத்தில் வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டினால் லேசான கவாத்து, 45க்கும் 60க்கும் இடையில் நடுத்தரம், 30 முதல் 45 வரை ஆழக் கவாத்து, 30க்கும் கீழே போனால் புத்துயிர்க் கவாத்து என்று உயரத்துக்கு உயரம் பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் செய்யும் ஒரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பென்சில் பருமனுள்ள ஒரு வேரைத் தோண்டி எடுத்துக் குறுக்கே சீவி, அதில் அயோடின் கரைசலைச் சொட்டு விடுகிறார்கள். வெட்டுமுகம் கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் செடி வெறுங்கையோடு நிற்கிறது, இப்போது தொடக்கூடாது. மருந்துக் கடையில் புண்ணுக்குப் போட வாங்கும் டிங்சர் அயோடினை வைத்து வீட்டு நந்தியாவட்டை வேரில் நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். கார்த்திகை கடைசியில் சீவிய வேர் மை கொட்டியதுபோல் கறுத்தது. சித்திரையில், புதுத்தளிர் விட்டு முடித்த சமயத்தில், அதே செடியின் இன்னொரு வேரில் சாம்பல் பூத்ததுபோல் ஒரு மங்கல் மட்டும்தான் வந்தது. தளிர் விட்டதும் கையிருப்பு குறைந்துபோகிறது. செடி தளிர்விட்டுக் களைத்திருக்கும்போது வெட்டாதே என்ற பழைய பேச்சுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

தேயிலையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். பலவீனமான தோட்டங்களில் எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டாமல், ஓரத்தில் இரண்டு மூன்று கிளைகளை இலையோடு விட்டுவைப்பார்கள். அவற்றுக்கு நுரையீரல் கிளை என்று பெயர். புதுத்துளிர் வந்து நிற்கும்வரை அந்த இலைகள் சமைத்துப் போடும். பிறகு அவற்றையும் வெட்டிவிடுவார்கள். ஒரே வெட்டா, மூன்று வருடத்தில் மூன்று தவணையா என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் நீண்ட காலமாக வாதாடுகின்றன. தவணைக் கட்சி சொல்வது: வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பழைய கிளையை அடியோடு எடு, செடிக்கு அதிர்ச்சி இருக்காது. ஒரே வெட்டுக் கட்சி சொல்வது: மேலே இலை இருக்கும்வரை கீழே வெளிச்சம் விழாது, துளிர் ஒழுங்காக வராது, மூன்று வருடமும் செடி அலங்கோலமாக நிற்கும். என் பார்வையில் நம் பக்கத்துச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரல் கிளைதான் நடுவழி. ஒரே வெட்டு, ஆனால் இரண்டு கிளை மிச்சம்.

எந்தச் செடி என்பதைப் பொறுத்து இது மாறும். நந்தியாவட்டை தாராளமான செடி. தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டினாலும் கட்டை முழுக்கத் துளிர் வரும். அரளி அதைவிடப் பிடிவாதக்காரி. அடியோடு வெட்டினாலும் தூரிலிருந்து போத்துகளாகக் கிளம்பும். அரளியை வெட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: இலை, பட்டை, பூ, வேர் எல்லாமே நஞ்சு. கையுறை வேண்டும், பால் கண்ணில் படக்கூடாது, வெட்டிய கிளையை ஆடு மாடு போகும் இடத்தில் போடக்கூடாது, வெந்நீர் அடுப்பில் வைக்கவும் கூடாது. புகையும் கெடுதல்தான். மருதாணி விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். ராஜஸ்தானில் சோஜத் பக்கம் வயல் வயலாக மருதாணி போட்டுத் தரையை ஒட்டி அறுக்கிறார்கள். அதே தூர் பல வருடம் திரும்பத் திரும்ப விளைகிறது. செம்பருத்தியும் காகிதப்பூவும் புதுக்கிளையில் பூப்பவை, ஆகவே ஆழ வெட்டினால் பூ கூடும். மண்டிய செம்பருத்தியை வெட்ட இன்னொரு காரணமும் உண்டு. 2008ல் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்தபோது பப்பாளி, மல்பெரியோடு வீட்டுச் செம்பருத்தியும் வெள்ளை பிடித்து நின்றதை நாம் பார்த்தோம். 2010ல் இறக்கிவிட்ட ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கியது. ஆனாலும் காற்றோட்டம் இல்லாத அடர்ந்த உட்புறம் எந்த மாவுப்பூச்சிக்கும் சௌகரியமான வீடு.

இட்லிப்பூவிடம் இப்படி ஆழ வெட்டும் உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது. அது மெதுவாக வளர்வது. பூங்கொத்து கிளையின் நுனியில் வருவது. மாதத்துக்கு ஒருமுறை கத்தரிபோட்டுச் சதுரமாக வெட்டும் வேலி இட்லிப்பூவில் பூவே இருக்காது, ஏனென்றால் மொட்டு கட்டும் நுனியைத்தான் ஒவ்வொரு முறையும் சீவிவிடுகிறோம். அது புளிப்பு மண்ணைக் கேட்கும் செடியும்கூட. சுண்ணாம்பும் உப்பும் ஏறிய மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அப்படி நிற்கும் செடியை முதலில் தேற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இது எனக்கு நஷ்டத்தில் வந்த பாடம். அப்பா வைத்த இட்லிப்பூ ஆளுயரம் வளர்ந்து வாசலை அடைத்தது. ஒரு மே மாதத்தில், வீட்டுக்கு வெள்ளையடிக்கும் அவசரத்தில், முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டினேன். பத்து நாளில் மேற்குப் பக்கப் பட்டை வெடித்து உரிந்தது. ஒரே ஒரு கணுவில் கடுகளவு துளிர் எழுந்து, அதுவும் கருகியது. இருபத்தைந்து வருடச் செடி. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் மனது வலிக்கிறது.

ஊசியிலை இனமான துஜாவை ஆழ வெட்டவே கூடாது. அதன் பழுப்பேறிய பழைய கட்டையில் எழுப்ப மொட்டு இல்லை. பச்சை இருக்கும் எல்லைக்குள் மட்டும் வெட்டலாம். அதைத் தாண்டினால் அந்த ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். எந்தச் செடி என்றே தெரியாவிட்டால் உட்கார்ந்து தூரைப் பாருங்கள். பழைய கட்டையில் எங்காவது தானாக ஒரு சின்னத் துளிர் கிளம்பியிருந்தால் அது தாங்கும் செடி. நகத்தால் பட்டையைக் கீறினால் அடியில் ஈரப் பச்சை தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரே ஒரு கிளையை மட்டும் வெட்டி ஒரு பருவம் காத்திருப்பதுதான் யோக்கியமான வழி.

இனி மாதம். மல்லிகைக்காரர்களிடம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாள் தவறினால் அவர்களுக்குப் பணம் போகும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் அவர்கள் வழக்கமும் ஒத்துப்போகின்றன: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டரில், சாதிமல்லியை டிசம்பர் கடைசியில் 75 சென்டிமீட்டரில், முல்லையை ஜனவரி கடைசியில் 45 சென்டிமீட்டரில் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் சில நாள் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயவிடுகிறார்கள். வெட்டிய பிறகு செடிக்குப் பத்துக் கிலோ மட்கிய எரு. எல்லாம் மாசி பங்குனிப் பூவைக் கணக்கு வைத்துச் செய்வது. செடி ஓய்ந்திருக்கும் நேரத்தில் வெட்டு, கிளை முற்றி வெயிலைத் தாங்கும் நிலைக்கு வந்த பிறகே கோடை வரட்டும் என்பது அதன் உட்பொருள்.

வீட்டுச் செடிக்கு அப்படியே அந்த நாளை எடுக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டைக்கு ஒரு வசதி உண்டு. ஐப்பசி கார்த்திகை மழை மட்டுமல்ல, ஆடி ஆவணியிலும் சாயங்கால இடிமழை நமக்குக் கிடைக்கிறது. ஆகவே ஆடி முதல் மழைக்குப் பிறகு ஒரு வாசல் திறக்கிறது; கார்த்திகை கடைசி முதல் தை முடிய இன்னொன்று. முதலாவதைத்தான் நான் ஆழ வெட்டுக்கு விரும்புவேன். வெட்டியதும் மழை, அதன் பிறகு நீண்ட மிதமான காலம், அடுத்த அக்னி நட்சத்திரத்துக்கு ஒன்பது மாதம் இருக்கிறது. பங்குனி முதல் ஆனி வரை ஆழ வெட்டைத் தொடக்கூடாது. 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், இத்தனை வருடம் நிழலில் இருந்த உட்கிளையைத் திடீரென்று திறந்து வைத்தால் பட்டை வெந்துபோகும். என் இட்லிப்பூவுக்கு நடந்தது அதுதான். தவிர்க்க முடியாமல் வெயிலில் வெட்ட நேர்ந்தால், மேற்கும் தெற்கும் பார்த்த கட்டைகளுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசுங்கள். மாந்தோப்புக்காரர்கள் அடிமரத்துக்குச் செய்வதுதான்.

இங்கே தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுவார்கள். அதை ஊறவைத்துக் கழுவிய நீர் பல பத்தாண்டுகள் பாலாற்றுப் படுகைக்கும் ஏரிகளுக்கும் போனது. 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இந்தப் பாதிப்புக்காகத்தான். ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்த பிறகும், மண்ணுக்குள் இறங்கிய உப்பு எளிதில் போவதில்லை. பல தெருக்களில் போர் தண்ணீரை வாயில் விட்டாலே கரிக்கும். இந்த நீரில் வளரும் செடி ஏற்கெனவே பாதிப் பலத்தில்தான் இருக்கிறது. இலை நுனி காகிதம்போல் கருகியிருந்தால் அதுதான் அடையாளம். அதை மொட்டையாக்கிவிட்டு, இலையோடு இருந்தபோது விட்ட அதே அளவு தண்ணீரை விட்டால் உறிஞ்ச இலை இல்லை. நீர் மண்ணில் ஆவியாகிறது, உப்பு வேரடியில் படிகிறது. ஆகவே நம் ஊரில் ஆழ வெட்டை மழைக்காலத்தை ஒட்டி வைப்பதற்கு இரட்டைக் காரணம். மழை துளிரையும் கொண்டுவரும், உப்பையும் கழுவி இறக்கும். துளிர் கையகலம் வரும்வரை மண் காய்ந்தால் மட்டும் நீர் விட்டால் போதும், முடிந்தால் பிடித்துவைத்த மழைநீர். யூரியா அப்போது வேண்டவே வேண்டாம்.

எப்படி வெட்டுவது என்பதற்கு முன்னால் கவாத்து என்ற சொல்லையே பார்க்கலாம். போலீஸ் அணிவகுப்புப் பயிற்சிக்கும் அதே சொல். உருதுவின் கவாயித்திலிருந்து வந்தது என்பார்கள். ராணிப்பேட்டை ஒரு காலத்தில் கன்டோன்மென்ட். பக்கத்து நவ்லாக் பண்ணையின் பெயரே ஒன்பது லட்சம் மரம் இருந்த நவாபுத் தோட்டத்தால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அணிவகுப்பும் தோட்டமும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொண்டதில் ஒரு சங்கடம் உண்டு. வரிசையாக, சதுரமாக, மேலே தட்டையாக வெட்டுவதுதான் கவாத்து என்று எண்ணம் பதிந்துவிட்டது. நீண்ட கத்தரியால் மேற்பரப்பை மட்டும் மாதாமாதம் சீவுகிறோம். ஒவ்வொரு சீவலுக்கும் நுனியில் நாலு கிளை பிரிகிறது, ஓடு தடிக்கிறது, உள்ளே இருட்டாகிறது. நான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு சாண் பச்சை உருவாவது அப்படித்தான். கவனிக்காமல் விட்டதால் மண்டிய செடியைவிட, மேலே மட்டும் கவனித்ததால் மண்டிய செடிகளே நம் தெருக்களில் அதிகம்.

வெட்டும் முறையில் இரண்டு விஷயத்தில் கருத்து வேற்றுமை உண்டு. ஒன்று வெட்டும் இடம். பெரிய கிளையைத் தண்டோடு ஒட்டி வழித்து எடுப்பது பழைய பழக்கம். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள வீங்கிய வளையத்தை விட்டுவிட்டு வெட்டினால்தான் மரம் புண்ணை உள்ளே தடுத்து மூடும் என்று நிறுவினார். அதை இன்று மறுப்பவர் அரிது. இரண்டாவது பூச்சு. வெட்டுவாயில் எதையும் தடவத் தேவையில்லை, தடவினாலும் அழுகல் நிற்பதில்லை என்பதும் ஷிகோவின் முடிவு. நம் ஊரிலோ சாணி, செம்மண், போர்டோ பசை என்று ஏதாவது தடவாமல் மனது ஆறாது. விரல் பருமன் கிளைக்குப் பூச்சு வீண் வேலை என்றே நான் நினைக்கிறேன். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையை மழைக்காலத்தில் வெட்டினால், தாமிரப் பசையை மெல்லியதாகத் தடவுவதைக் குறை சொல்லமாட்டேன். சாணி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூச்சைவிட முக்கியம் கருவியின் கூர். மொக்கை அரிவாளால் நாலு கொத்துக் கொத்தினால் கட்டை பிளக்கும், பிளவில் நீர் தங்கும். தடித்த கிளைக்கு ரம்பம், அதுவும் முதலில் அடியிலிருந்து கால் பாகம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து. இல்லையென்றால் கிளை விழும்போது பட்டையைத் தூர் வரை உரித்துக்கொண்டு போகும்.

ரம்பத்தை எடுப்பதற்கு முன் கால்மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். தேன்சிட்டு சிலந்தி நூலில் கட்டிய கூடு சருகுத் தொங்கல் மாதிரியே இருக்கும். கொண்டைக்குருவி கைக்கெட்டும் கவையிலேயே முட்டையிட்டிருக்கலாம். குஞ்சு இருந்தால் மூன்று வாரம் தள்ளிப்போடலாம்; இருபது வருடம் காத்திருந்த செடி அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.

போன ஆடியில் வாசல் நந்தியாவட்டையை ஒன்றரை அடிக்கு வெட்டினேன், இரண்டு கிளையை மட்டும் நுரையீரலுக்காக விட்டுவிட்டு. வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் பால் கொட்டி, மறுநாள் ரப்பர்போல் இறுகியிருந்தது. பத்தொன்பதாம் நாள் பட்டையில் குருணை குருணையாகப் புடைப்பு. ஐந்தாவது வாரம் ஒரே கட்டையில் பதினாலு துளிர் எண்ணினேன். எல்லோரும் நிறுத்திவிடுவது இங்கேதான். பதினாலையும் விட்டால் மூன்று வருடத்தில் பழைய புதர் திரும்பிவிடும். வெளிப்பக்கம் பார்த்த நாலைந்தை வைத்துக்கொண்டு, மற்றதை இளசாக இருக்கும்போதே விரலால் பக்கவாட்டில் சாய்த்தால் கணுவோடு கழன்று வந்துவிடும், கத்தி வேண்டாம். நான் நாலு வைத்தேன். ஐப்பசியில் அந்த இரண்டு பழைய கிளையையும் எடுத்துவிட்டேன். இப்போது செடியின் நடுவில் வெயில் விழுகிறது, தூரைச் சுற்றி மண் தெரிகிறது. நாலில் ஒன்று உள்நோக்கி வளைகிறது. இந்தக் கார்த்திகை கடைசியில் அதை எடுக்க வேண்டும்.